அந்தப் பக்கத்தை யார் வாசிப்பது?

கேள்வி:

என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். இந்தப் பருவத்தில் அவர்களுக்கு மார்க் ட்வைனின் ‘ஹக்கிள்பெரி ஃபின்’ நாவல் பாடம். கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் அந்த வசைச்சொல் அதில் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. போன வாரம் ஆசிரியர் மாணவர்களை வரிசையாகச் சத்தம்போட்டு வாசிக்கச் சொல்லியிருக்கிறார். ஒரு பையன் அந்தச் சொல் வரும் இடத்தில் வேண்டுமென்றே அழுத்தி வாசிக்க, பின்வரிசையில் சிரிப்பு. வகுப்பில் ஒரே ஒரு கறுப்பினப் பெண்தான் இருக்கிறாள். என் மகளின் நெருங்கிய தோழி. எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்களாம். அன்றிலிருந்து அந்தப் பாடவேளைக்கு அவள் வருவதில்லை.

இப்போது பெற்றோர் சிலர், நாவலைப் பாடத்திட்டத்திலிருந்தும் பள்ளி நூலகத்திலிருந்தும் நீக்கச் சொல்லி மனு தயாரித்திருக்கிறார்கள். என்னிடமும் வந்தது. புத்தகங்களோடு வளர்ந்தவள் நான். அந்தத் தாளில் கையெழுத்துப் போடக் கை வரவில்லை. போடாமல் இருக்கவும் குற்ற உணர்ச்சியாக இருக்கிறது. “இதில் யோசிக்க என்ன இருக்கிறது, போட்டுவிடு” என்கிறார் கணவர். மகள் தினமும் “போட்டீங்களாம்மா?” என்று கேட்கிறாள். அந்தத் தோழியின் அம்மாவை எனக்குத் தெரியும். இதைப் பற்றி அவரிடம் பேசத்தான் கூச்சமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

கையெழுத்துப் போட வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மீதியை நிதானமாகப் பேசலாம். அதற்காக, பழைய நாவல் என்றால் யாரும் வாய் திறக்கக் கூடாது என்கிற கூட்டத்தில் என்னைச் சேர்த்துவிடாதீர்கள். அந்த வகுப்பில் நடந்தது தவறு. அது இன்னொரு நாள் தொடரக் கூடாது. உங்கள் கணவரின் கோபம் நியாயமானது. அது போய்ச் சேர வேண்டிய விலாசம் மட்டும் வேறு என்று நினைக்கிறேன்.

முப்பத்தோரு ஆண்டுகள் உயர்நிலை வகுப்புகளுக்கு ஆங்கில இலக்கியம் நடத்தினேன். இப்போது இளம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருகிறேன். பயிற்சியின் முதல் நாளில், பெருமைப்பட முடியாத என் வகுப்பு ஒன்றைப் பற்றி அவர்களிடம் சொல்வதுண்டு. உங்களுக்கும் சொல்கிறேன்.

இதே நாவல்தான். நானும் வரிசையாகத்தான் வாசிக்கச் சொன்னேன், ஆளுக்கு ஒரு பத்தி. வகுப்பிலிருந்த ஒரே கறுப்பின மாணவனுக்கு விழுந்த பத்தியில் அந்தச் சொல் இரண்டு முறை இருந்தது. அவன் எங்கும் நிறுத்தாமல், குரலில் ஏற்ற இறக்கமே இல்லாமல் படித்து முடித்தான். “நன்றாகப் படித்தாய்” என்று வேறு சொன்னேன். இந்த வயதில் எவ்வளவு பக்குவம் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். ஆண்டு முடிவில் எல்லோரிடமும் ஒரு தாளைக் கொடுத்து, வகுப்பைப் பற்றி மனதில் பட்டதை எழுதச் சொல்வேன். அவன் இரண்டே வரி எழுதியிருந்தான். தன் முறை எந்தப் பத்தியில் வரும் என்று தொடக்கத்திலேயே எண்ணிப் பார்த்துவிட்டானாம். அதற்கப்புறம் மற்றவர்கள் படித்தது எதுவும் காதில் விழவில்லையாம்.

எண்ணிப் பார்த்திருக்க வேண்டியது நான்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் அந்தத் தாள்தான் ஞாபகத்துக்கு வந்தது. உங்கள் மகளின் ஆசிரியர் கெட்டவராக இருக்க வேண்டும் என்பதில்லை. பெரிய நாவல், நல்ல நாவல், அதைக் கையில் கொடுத்தால் மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும் என்று நான் நம்பியதைப்போல அவரும் நம்பியிருக்கலாம்.

சரி, மனுவை இன்னொரு தடவை எடுத்துப் பாருங்கள். மூன்று தனித்தனி விஷயங்களை ஒரே மூட்டையாகக் கட்டியிருக்கிறார்கள். அந்தச் சொல்லை வகுப்பில் வாய்விட்டு வாசிப்பது ஒன்று. எல்லா மாணவரும் கட்டாயமாகப் படிக்க வேண்டிய பட்டியலில் இந்த நாவல் இருக்க வேண்டுமா என்பது இன்னொன்று. நூலக அலமாரியில் இருக்கலாமா என்பது மூன்றாவது. வாய்விட்டு வாசிப்பது வேண்டவே வேண்டாம். கட்டாயப் பட்டியல், நடத்தப்போகும் ஆசிரியரைப் பொறுத்தது. நூலகத்தில் அது இருந்தே ஆக வேண்டும். என் பதில்கள் இப்படி மூன்று விதமாக இருக்க, மூன்றுக்கும் சேர்த்து ‘நீக்கு’ என்று ஒரே கையெழுத்தைக் கேட்கிறது அந்த மனு.

இந்த நாவலை யார் யார் எதற்காக விரட்டினார்கள் என்ற கதை தெரிந்தால் உங்களுக்கு இன்னும் தெளிவு கிடைக்கும். 1884 டிசம்பரில் இங்கிலாந்திலும் கனடாவிலும், 1885 பிப்ரவரியில் அமெரிக்காவிலும் புத்தகம் வெளிவந்தது. அடுத்த மாதமே மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கான்கார்ட் ஊர்ப் பொது நூலகம் அதை விலக்கியது. கறுப்பினத்தவரை இழிவு செய்யும் சொல் இருநூறு முறைக்கு மேல் வருகிறதே என்றா? அதைப் பற்றிப் பேச்சே இல்லை. கதை சொல்லும் பையன் ஹக்கின் பேச்சு கொச்சை, நடத்தை முரடு, மரியாதையான வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆகாது என்பதுதான் புகார். ட்வைன் அசரவில்லை. இதனாலேயே இன்னும் 25,000 பிரதிகள் விற்கும் என்று தன் பதிப்பகத்துக்கு எழுதினார். 1905இல் நியூயார்க்கின் புரூக்ளின் நூலகத்தில் சிறுவர் பகுதிக்கு இந்த நாவல் ஆகாது என்றார்கள். காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். ஹக் உடம்பு அரித்தால் சொறிந்துகொள்கிறானாம். ‘பெர்ஸ்பிரேஷன்’ என்று நாசூக்காகச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘ஸ்வெட்’ என்கிறானாம்!

ஒரு மக்கள் கூட்டத்தையே அவமதிக்கும் சொல் இருநூறு இடங்களில் கண்ணில் படவில்லை. பையன் சொறிந்துகொண்டது பட்டிருக்கிறது. அந்த நூலகர்கள் கொடியவர்கள் அல்ல. படிக்கப்போகிறவர்கள் எல்லோரும் தங்களைப் போன்ற வெள்ளையர்கள்தான் என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். அந்தச் சொல் யாரைச் சுடுமோ அவர்கள் அந்த அறையில் இருப்பதாகவே யாரும் நினைக்கவில்லை. 1954இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பொதுப் பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்று தீர்ப்பளித்தது. 1957இல் நியூயார்க் நகரக் கல்வி வாரியம் தன் தொடக்க, இடைநிலைப் பள்ளிகளுக்கான பாடநூல் பட்டியலிலிருந்து ஹக்கிள்பெரி ஃபின்னை எடுத்தது. அறையில் உட்கார்ந்திருந்தவர்கள் மாறினார்கள்; கேள்வியும் மாறியது.

இதை விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பள்ளிக் கூட்டத்தில் யாராவது எழுந்து “இத்தனை காலம் படித்தோமே, அப்போது யாருக்கும் வலிக்கவில்லையே” என்று கட்டாயம் சொல்வார்கள். வலித்தவர்களிடம் அப்போது யாரும் கேட்கவில்லை என்று நீங்கள் பதில் சொல்லலாம்.

பின்னாளில் கேட்காமலே சொன்ன ஒருவர் உண்டு. 1993இல் நோபல் பரிசு பெற்ற கறுப்பின அமெரிக்க நாவலாசிரியர் டோனி மாரிசன். இந்த நாவலுக்கு 1996இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பின் முன்னுரை அவருடையது. எட்டாம் வகுப்பில் ஆசிரியர் முன்னிலையில் இதைப் படித்த அனுபவத்தை அதில் எழுதியிருக்கிறார். அதற்குமுன் தானாகப் படித்தபோது இருந்த சங்கடம் வகுப்பில் குறையவில்லை, கூடியது என்கிறார். வெளியே வராமல் உள்ளுக்குள்ளேயே அமுங்கிப்போன ஓர் ஆத்திரம். இந்த நாவலை ரசிக்க வேண்டுமானால் வெட்கப்படவேண்டிய ஏதோ ஒன்றுக்குத் தானும் உடன்பட வேண்டும் என்பதைப் போன்ற உணர்வு. உங்கள் மகளின் தோழிக்கு அன்று மனதில் என்ன ஓடியிருக்கும் என்று புரிந்துகொள்ள இதைவிட நல்ல சாட்சியம் எனக்குத் தெரியாது.

அதே முன்னுரையில், 1980களின் தொடக்கத்தில் இந்த நாவலை நூலகங்களிலிருந்தும் கட்டாயப் பட்டியல்களிலிருந்தும் நீக்கச் சொல்லி எழுந்த கோரிக்கைகளைப் பற்றியும் பேசுகிறார். பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் நோக்கம் அதில் இல்லை, பெரியவர்களைச் சமாதானப்படுத்தும் தணிக்கை அது என்பது அவர் கருத்து. விவரம் தெரிந்த ஓர் ஆசிரியர் அந்தச் சொல்லைப் பற்றி வகுப்பில் முழுமையாக, தீவிரமாகப் பேசியிருந்தால், கறுப்பினப் பிள்ளைகள், வெள்ளைக்காரப் பிள்ளைகள் எல்லோருக்குமே அந்த வேதனை கொஞ்சம் இல்லாமல் போயிருக்கும் என்கிறார். அடிபட்டவரும் அவரே, நீக்காதே என்கிறவரும் அவரே. இடையில் காணாமல் போனது அந்த ஆசிரியர் பேசாமல் விட்ட பேச்சு. (மாரிசனின் சொந்த நாவல்களையும் அமெரிக்கப் பள்ளிகளில் நீக்கச் சொல்லிப் புகார் வருவது வழக்கம். நீக்கும் பட்டியல் ஒருமுறை திறந்தால் அதில் யார் யார் பெயர் ஏறும் என்பது நம் கையில் இல்லை.)

இனி, வாய்விட்டு வாசிப்பதைப் பற்றி. “மேற்கோளாகத்தானே சொல்கிறோம், திட்டவில்லையே” என்று ஆசிரியர்கள் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். மேற்கோள் குறி கண்ணுக்குத் தெரியும், காதுக்குக் கேட்காது. பதினான்கு வயதுப் பிள்ளைக்குக் கேட்பது தன்னோடு படிக்கும் ஒருவன் வாயிலிருந்து அந்தச் சொல் வருவதும், அதைத் தொடர்ந்து வரும் சிரிப்பும்தான். நம்மிடம் இதற்கு ஒரு பழைய இலக்கண விதியே இருக்கிறது. ‘அவையல் கிளவி மறைத்தனர் கிளத்தல்’ என்கிறது தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம். அவையில் சொல்லத் தகாத சொல்லை மறைத்துச் சொல் என்று பொருள். பின்னால் வந்தவர்கள் இடக்கரடக்கல் என்று பெயர் வைத்தார்கள். தொல்காப்பியர் மனதில் இருந்தது வேறு வகைச் சொற்கள் என்பது தெரியும். ஆனால் ‘அவை’ என்பதைத்தான் நான் பிடித்துக்கொள்கிறேன். ஏட்டில் இருப்பது இருக்கட்டும், பலர் கூடிய இடத்தில் நாக்கு அதைத் தவிர்த்துப் போகட்டும் என்பது நல்ல ஏற்பாடு. வகுப்பறையும் ஓர் அவைதானே? என் பயிற்சி வகுப்புகளில் இப்போது இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன்: அச்சில் அந்தச் சொல் அப்படியே இருக்கும், வாசிக்கும்போது ஆசிரியரும் சொல்வதில்லை, மாணவரும் சொல்வதில்லை. ஒரு கணம் நிறுத்திவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகலாம். அந்த இடைவெளியே போதுமான அளவு பேசும்.

அப்படியானால் அச்சிலும் மாற்றிவிடலாமே என்று கேட்பீர்கள். செய்து பார்த்திருக்கிறார்கள். 2011இல் அலபாமாவைச் சேர்ந்த ஒரு பதிப்பகம், ட்வைன் ஆய்வாளர் ஆலன் கிரிபனின் பொறுப்பில், அந்தச் சொல் வரும் இடங்களிலெல்லாம் ‘அடிமை’ என்று மாற்றிப் பதிப்பித்தது. புத்தகத்தைப் பள்ளிகள் கைவிட்டுவிடக் கூடாதே என்ற நல்லெண்ணம்தான். ஆனால் அடிமை என்பது ஒரு நிலை. அந்தச் சொல் ஒரு வசை. ஆறாவது அத்தியாயத்தில் ஹக்கின் குடிகார அப்பன் ஒரு கறுப்பினத்தவரைப் பற்றிப் பொருமித் தீர்க்கிறான். அந்த மனிதர் ஓஹையோவிலிருந்து வந்தவர், அடிமை அல்லாதவர், கல்லூரிப் பேராசிரியர், பல மொழி பேசுகிறவர், சொந்த மாநிலத்தில் ஓட்டுரிமை உள்ளவர். எழுதப் படிக்கத் தெரியாத குடிகாரன் அவரை அந்தச் சொல்லால் குறிப்பிடுகிறான். எவ்வளவு படித்தாலும், சட்டப்படி விடுதலை பெற்றாலும், உன்னை அந்தச் சொல் விடாது என்பதுதான் அந்த இடத்தின் முழு விஷமும். ‘அடிமை’ என்று மாற்றினால் அந்த இடத்துக்கு அர்த்தமே இல்லாமல் போகிறது.

இன்னோர் இடம் முப்பத்திரண்டாவது அத்தியாயம். வகுப்பில் ஒரு பாடவேளை முழுவதையும் எடுத்துக்கொள்ளக்கூடிய நான்கு வரிகள். ஒரு நீராவிப் படகில் பாகம் ஒன்று வெடித்துவிட்டதாக ஹக் பொய் சொல்கிறான். யாருக்காவது அடிபட்டதா என்று பதறுகிறார் சாலி அத்தை. இல்லை, ஒரு கறுப்பன் செத்தான் என்கிறான் (மூலத்தில் வருவது அந்த வசைச்சொல்). நல்லவேளை, சில சமயம் மனுசங்களுக்கு அடிபட்டுவிடும் என்று நிம்மதியாகிறார் அத்தை. அவர் கெட்டவர் இல்லை. அன்பானவர், பக்தியுள்ளவர், முன்பின் தெரியாத பையனுக்குச் சோறு போடுகிறவர். அப்படிப்பட்டவர் வாயிலிருந்து இது வருகிறதே, எப்படி? இந்தக் கேள்வியை மாணவர்கள் முன் வைத்துவிட்டு நான் பேசாமல் நின்றிருக்கிறேன். பின்வரிசைச் சிரிப்பு தானாக அடங்கும். ஆனால் இதற்கு முன்தயாரிப்பு வேண்டும். வரிசையாக வாசித்துக்கொண்டே போகிற வகுப்பில் இந்த நான்கு வரியும் வேகத்தில் கடந்துபோய்விடும். மிஞ்சுவது அந்தச் சொல் மட்டும்தான்.

எல்லாப் புத்தகத்திலும் இப்படி ஒரு காரணம் இருக்கும் என்று சொல்ல மாட்டேன். அகதா கிறிஸ்டி 1939இல் எழுதிய துப்பறியும் நாவலின் பிரிட்டிஷ் பதிப்புத் தலைப்பிலேயே இந்தச் சொல் இருந்தது. 1940இல் அமெரிக்கப் பதிப்பு தலைப்பை மாற்றியது. இன்று ‘அண்ட் தென் தேர் வேர் நன்’ என்ற தலைப்பில் படிக்கிறவர்களுக்கு எந்த நஷ்டமும் இல்லை. கொலையும் அதே, கொலையாளியும் அதே. ரோல்டு டால் தன் சாக்லேட் தொழிற்சாலைக் கதையில் ஆப்பிரிக்கப் பிக்மிகளாக எழுதியிருந்த பாத்திரங்களை விமர்சனம் வந்தபின் தானே மாற்றி எழுதினார். சொல் அங்கே வேலை செய்கிறதா, அந்தக் காலத்துப் பழக்கத்தில் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்ப்பதுதான் எனக்குத் தெரிந்த அளவுகோல். பள்ளிப் பதிப்பு என்று சொல்லிக் கத்தரி வைப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ரே பிராட்பரியின் கதையைச் சொல்லலாம். புத்தகங்களை எரிக்கும் ஆட்சியைப் பற்றி அவர் எழுதிய ‘ஃபாரன்ஹீட் 451’ நாவலையே, அவருக்குத் தெரியாமல், 1967இல் பள்ளிகளுக்கென்று எழுபத்தைந்து இடங்களில் திருத்தி வெளியிட்டது அவருடைய பதிப்பகம். 1979இல்தான் அவருக்கு விஷயம் தெரிந்தது. அப்புறம் சண்டை போட்டு மூலத்தைத் திரும்பக் கொண்டுவந்தார்.

உங்கள் நிலைமைக்கு மிகவும் பக்கத்தில் வருவது ஒரு வழக்கு. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், உங்கள் மகளைப்போலவே ஒன்பதாம் வகுப்பில் படித்த ஒரு கறுப்பின மாணவிக்கு இதே நாவல் பாடமாக இருந்தது. இதைப் படிக்கத் தொடங்கியபின் சக மாணவர்களின் இன வசை அதிகமானது, முறையிட்டும் பள்ளி நடவடிக்கை எடுக்கவில்லை என்று அவளுடைய தாய் வழக்குப் போட்டார். 1998இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டு விஷயங்களைப் பிரித்துச் சொன்னது. ஓர் இலக்கியப் படைப்பைப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிடாது. மற்ற மாணவர்களுக்கு அதைப் படிக்கும் உரிமை உண்டு. ஆனால் வகுப்பில் இன வசை நடக்கிறது என்று தெரிந்தும் பள்ளி சும்மா இருந்தது என்ற புகார் தனி. அதைத் தள்ளுபடி செய்ய முடியாது, விசாரித்தாக வேண்டும். சட்டம் ஊருக்கு ஊர் வேறுபடும், அதனால் இதை வழக்குக்கான யோசனையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். புத்தகத்தையும் பள்ளியின் பொறுப்பையும் அந்த நீதிபதிகள் எப்படிப் பிரித்தார்கள் என்பதைக் கவனியுங்கள். உங்கள் மனுவில் அந்தப் பிரிவு இல்லை. சிரித்தவர்களைப் பற்றி, பிள்ளை வகுப்புக்கு வராததைப் பற்றி அதில் ஏதாவது எழுதியிருக்கிறார்களா? நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் இல்லை என்றுதான் தோன்றுகிறது.

கட்டாயப் பட்டியலைப் பற்றி எனக்கு முன்பிருந்த பிடிவாதம் இப்போது இல்லை. 2022 ஜனவரியில் வாஷிங்டன் மாநிலத்தின் மக்கில்டியோ பள்ளி மாவட்டம் ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ நாவலை ஒன்பதாம் வகுப்பின் கட்டாயப் பட்டியலிலிருந்து எடுத்தது. விரும்பும் ஆசிரியர் நடத்தலாம், தடை ஏதும் இல்லை. இதைக் கேட்டவர்களே ஆசிரியர்கள்தான். அதில் வரும் வசைச்சொல் மட்டும் அவர்களின் குறை அல்ல. இனக்கொடுமையைப் பற்றிய கதையில் கறுப்பினத்தவருக்குப் பேச்சே இல்லை, ஒரு வெள்ளைக்கார வழக்கறிஞர் வந்து காப்பாற்ற முயல்வதாகவே கதை போகிறது என்றார்கள். இந்த விமர்சனத்தை நான் மதிக்கிறேன். ஹக்கிள்பெரி ஃபின்னிலும் கடைசி அத்தியாயங்களில் ஹக்கின் நண்பன் டாம் சாயர் வந்து சேர்ந்ததும், ஹக்கோடு தப்பியோடி வந்த கறுப்பின அடிமை ஜிம் விளையாட்டுப் பொம்மையாகிவிடுகிறான். அந்தப் பகுதி எனக்கு எப்போதுமே எரிச்சல்தான். ஒரு நாவலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்னொன்றை வைப்பது எல்லாப் பாடத்திட்டக் குழுவும் ஒவ்வோர் ஆண்டும் செய்யும் வேலை. அதைத் தடை என்று கூப்பாடு போடத் தேவையில்லை.

ஆக, இந்தப் புத்தகம்தான் வேண்டும் என்று ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று ஆசிரியரிடம் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. “எப்போதும் இதுதான் நடத்துகிறோம்” என்பது பதிலாக வந்தால், இந்த வகுப்புக்கு வேறு நாவல் எடுத்துக்கொள்ளுங்கள் என்று தயங்காமல் சொல்லுங்கள். நடத்தத் தெரியாத கையில் இந்த நாவலைக் கொடுப்பதைவிட நடத்தாமல் விடுவது மேல்.

மனுவுக்குப் பதிலாக நீங்களே ஒரு கடிதம் எழுதுங்கள். ஆசிரியருக்கு எழுதி, தலைமையாசிரியருக்கு ஒரு நகல் அனுப்புங்கள். நடந்ததை நடந்தபடி, பிள்ளைகளின் பெயர் போடாமல் எழுதினால் போதும். வரிசையாகச் சத்தம்போட்டு வாசிக்கும் முறையை உடனே நிறுத்தக் கேளுங்கள். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது, யார் யாரைப் பார்த்து எதற்காகச் சொன்னார்கள் என்பதற்கு ஒரு முழுப் பாடவேளை ஒதுக்கிவிட்டு, அதற்குப் பிறகு நாவலைத் தொடருங்கள் என்று கேளுங்கள். ட்வைனுக்குப் பக்கத்தில் இன்னொரு குரல் வேண்டும் என்றும் எழுதுங்கள். அடிமையாகப் பிறந்து தப்பி வந்த ஃபிரெடெரிக் டக்ளஸ் 1845இல் வெளியிட்ட தன் வரலாறு சிறிய புத்தகம், ஒன்பதாம் வகுப்புக்குக் கடினமில்லை. ஜிம்மைப் பற்றி ஒரு வெள்ளைக்காரப் பையன் சொல்வதைப் படித்த கையோடு, ஜிம்மின் இடத்தில் இருந்த ஒருவர் தானே எழுதியதையும் படித்தால் வகுப்பின் பேச்சே மாறிவிடும். நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்சிபே 1975இல் தன் புகழ்பெற்ற உரையில், ஆப்பிரிக்காவைக் களமாக வைத்து ‘ஹார்ட் ஆஃப் டார்க்னஸ்’ எழுதிய ஜோசப் கான்ராடை இனவெறியர் என்றே சொன்னார். அவரும் தடைசெய்யச் சொல்லவில்லை. புரிந்துகொண்டு படியுங்கள், ஆப்பிரிக்கர்கள் எழுதியதையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள் என்றார்.

அழுத்தி வாசித்த பையனைப் பற்றியும் ஒரு வார்த்தை எழுதுங்கள், ஆனால் அவனைத் தூக்கில் போடச் சொல்ல வேண்டாம். வெளியே சொன்னால் உதை விழும் சொல்லை ஆசிரியரே அனுமதி கொடுத்து வாசிக்கச் சொல்கிறார் என்றால், பதினான்கு வயதில் சில பேருக்கு அது தீனிதான். ஆசிரியர் அவனைத் தனியாக உட்காரவைத்துப் பேச வேண்டும். பேசினாரா என்று கேளுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் பள்ளிக்கு இடம் கொடுக்காதீர்கள். “விருப்பமில்லாத மாணவிக்கு வேறு புத்தகம் தருகிறோம், அந்த நேரத்தில் அவள் நூலகத்தில் உட்காரலாம்” என்று ஓர் ஏற்பாட்டைச் சொல்வார்கள். கேட்க நியாயமாக இருக்கும். நடைமுறையில், சிரித்தவர்கள் வகுப்பில் இருப்பார்கள், சிரிப்புக்கு ஆளானவள் வெளியே போவாள்.

உங்கள் மகளிடம் சொல்ல ஒன்று இருக்கிறது. தோழியிடம் போய் “உனக்கு எப்படி இருந்தது, உங்கள் ஆட்கள் இதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள்” என்று துருவ வேண்டாம். வகுப்பு முழுக்க அதைத்தான் அவளிடம் எதிர்பார்க்கும். ஓர் இனத்துக்கே அவளைப் பேச்சாளராக்கிவிடுவார்கள். பக்கத்தில் உட்காரட்டும், வழக்கம்போலப் பேசட்டும். யாராவது மறுபடி சிரித்தால் திரும்பிப் பார்க்க வேண்டியது சிரித்தவனைத்தான் என்பது அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

வீட்டில் நீங்கள் இருவரும் சேர்ந்து நாவலைப் படியுங்கள். முழுவதும் முடியாவிட்டால் பதினைந்தாவது, முப்பத்தொன்றாவது அத்தியாயங்களையாவது படியுங்கள். முதலாவதில், ஜிம்மை ஏமாற்றி விளையாடிய ஹக் அவனிடம் போய் மன்னிப்புக் கேட்கத் தன்னைத் தயார்செய்துகொள்ளப் பதினைந்து நிமிடம் ஆகிறது. இரண்டாவதில், ஜிம்மைக் காட்டிக்கொடுக்க எழுதிய கடிதத்தைக் கிழித்துப்போடுகிறான். அது பாவம், அதற்கு நரகம்தான் என்று ஊர் சொல்லிக்கொடுத்ததை முழுதாக நம்பிக்கொண்டே கிழிக்கிறான். அப்போதும் அவன் வாயில் அந்தச் சொல் இருக்கிறது. மனசு மாறியவனுக்கு வாய் ஏன் மாறவில்லை என்று உங்கள் மகளிடம் கேட்டுப் பாருங்கள். எனக்குத் தெரிந்து, இந்தக் கேள்விக்கு மாணவர்கள் சொன்ன பதில்கள் ஆய்வாளர்கள் எழுதியதைவிடச் சுவாரசியமானவை.

“போட்டீங்களாம்மா?” என்ற கேள்விக்கு, போடவில்லை என்று சொல்லிவிட்டு, நீங்கள் எழுதிய கடிதத்தை அவள் கையில் கொடுங்கள். வகுப்பில் இருந்தவள் அவள். எங்காவது தவறாக எழுதியிருந்தால் திருத்துவாள்.

அனுப்புவதற்கு முன்னால் அந்தத் தோழியின் அம்மாவைக் கூப்பிடுங்கள். மனு ஊரெல்லாம் சுற்றுகிறது. உங்களுக்கு என்ன வேண்டும் என்று அவரிடம் யாராவது கேட்டார்களா என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. ஒருவேளை அவர் நாவலை எடுக்கச் சொல்லலாம், ஒருவேளை தானே வந்து ஆசிரியரிடம் பேசுகிறேன் என்று சொல்லலாம், ஒருவேளை இதில் தலையிடாதீர்கள் என்றுகூடச் சொல்லலாம். அதைக் கேட்டபிறகு உங்கள் கடிதத்தில் என்ன மாற வேண்டுமோ அது மாறட்டும். நான் மேலே சொன்னதும் சேர்த்துத்தான்.